அனுப்பியது போய்ச் சேர்ந்ததா?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ கம்ப்யூட்டர் ஆளு. ஏதாவது புது டெக்னாலஜி பற்றிப் பேசேன்" என்றார். பேசலாம்தான். ஆனால் இந்தக் கல்லூரியில் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்காமல் மேடை ஏறி வேறு விஷயம் பேசினால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சார் முகத்தை என்னால் பார்க்க முடியாது. அதனால் பழைய கதையே பேசுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படித்தது மின்பொறியியல். வேலை பார்ப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு மின்பதிப்பு நிறுவனத்தில். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் பாடப் புத்தகங்களை அனுப்புவார்கள். அவற்றைப் பிரித்து, சீர்செய்து, கம்ப்யூட்டரிலும் போனிலும் படிக்கிற வடிவத்துக்கு மாற்றித் திருப்பி அனுப்புவோம். பதினைந்து வருஷமாக இதே வேலை. ஒரு நாளைக்குப் பத்து ஜிப் பைலாவது பிரித்துப் பார்க்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. இதை ஏன் சொல்கிறேன் என்பது இன்னும் ஐந்து நிமிஷத்தில் புரியும்.

எங்கள் காலத்தில் மெஷின்ஸ் பேப்பர் என்றாலே நடுக்கம். தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு வந்தவர்களுக்கு இன்னும் மோசம். குத்தம்பாக்கம், நேமம், வெள்ளவேடு என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சைக்கிளில் வந்த பசங்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகவே நம் சார் தமிழில் நோட்ஸ் எழுதினார். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டிலும் தமிழ்வழி பி.இ. தொடங்கியது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்பே, யாரும் கேட்காமலே, இங்கே ஒருவர் ட்ரான்ஸ்பார்மருக்கும் இண்டக்ஷன் மோட்டாருக்கும் தமிழில் விளக்கம் எழுதி, வேர்டில் வானவில் எழுத்துருவில் தானே டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். நோட்ஸோடு ஒரு கொஸ்டின் பேங்க். வருஷா வருஷம் வளர்ந்து 840 கேள்விகள் ஆயின. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, பாதிக் கேள்விகளுக்குச் சர்க்யூட் படம். நான் பாஸானதே அதனால்தான். இந்த ஹாலில் இன்னும் சில பேர் தலையாட்டுவது தெரிகிறது.

2020 மே மாதம் ஞாபகமிருக்கிறதா? கோயம்பேடு மார்க்கெட்டைத் தற்காலிகமாக நம் பக்கத்துத் திருமழிசைக்கு மாற்றினார்கள். லாரியில் காய்கறி வந்து இறங்கினால் மட்டும் மார்க்கெட் மாறிவிடாது. இறக்க இடம் வேண்டும், எடை போடத் தராசு வேண்டும், எந்த நம்பர் கடை யாருடையது என்று தெரிய வேண்டும். அதையெல்லாம் நம் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். அதே மாதங்களில்தான் நம் வகுப்பறைகளும் இடம் மாறின. கல்லூரி ஒரு இணையப் பாடத்தளத்தில் சேர்ந்தது. சார் தன் 520 பழைய கேள்விகளை யாரோ யூனிகோடுக்கு மாற்றித் தர, அதில் ஏற்றினார். மீதி 320 கேள்விகளை அந்த ஊரடங்கு காலத்தில் வீட்டிலிருந்தபடியே நேராகத் தளத்திலேயே டைப் அடித்தார். அவருக்கு அப்போது வயசு ஐம்பத்தொன்பது.

2022-ல் அந்தத் தளத்திலிருந்து ஒரு கடிதம். சேவையை நிறுத்தப் போகிறோம், முப்பது நாளைக்குள் உங்கள் பாடங்களை இறக்கிக்கொள்ளுங்கள் என்று. துறையிலிருந்து எனக்குப் போன் வந்தது. "நீ இதே வேலையில்தானே இருக்கே, எடுத்துக் குடுப்பா." எனக்கும் பெருமைதான். ஆபீஸ் நேரத்தில் டீ குடித்துக்கொண்டே உள்ளே போனேன். 'எக்ஸ்போர்ட்' என்று ஒரு பட்டன். அழுத்தினேன். ஒரு ஜிப் பைல் இறங்கியது. மெயிலில் அனுப்பிவிட்டு, "எடுத்தாச்சு சார், பத்திரமா வச்சுக்குங்க" என்று ஒரு செய்தியும் போட்டேன். மொத்தம் நாலு நிமிஷ வேலை.

அந்த ஜிப்பை நான் பிரித்துப் பார்க்கவில்லை. தினம் பத்து ஜிப் பிரிப்பவன், என் கல்லூரியின் ஜிப்பைப் பிரிக்கவில்லை. காசு வாங்குகிற வேலையில் இருந்த கவனம் இதில் இல்லை. இதுதான் நான் சொன்ன பாக்கி.

அடுத்த வருஷம் கல்லூரி சொந்தமாக ஒரு மூடுல் தளம் அமைத்தது. புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் மேடம் ஒருவர் அந்த ஜிப்பை அதில் ஏற்றப் பார்த்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன். "சார், கேள்வி வருது, எழுத்து வரல. எல்லாம் கேள்விக்குறியா இருக்கு."

வண்டியை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் வந்தேன். பிரித்துப் பார்த்தேன். மூன்று விதமான சேதம்.

முதலாவது, எழுத்து. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே தனி இடம் இருக்கிறது. ஆனால் பைலை எழுதிய மென்பொருள், ஐரோப்பிய எழுத்துக்கு மட்டும் இடமுள்ள பழைய அட்டவணையில் எழுதினால், அதில் இல்லாத எழுத்தை எல்லாம் கேள்விக்குறியாக மாற்றிவிடும். 'மின்மாற்றி' என்று எழுதியிருந்தால் வரிசையாகக் கேள்விக்குறி. 'மின்னோட்டம்' என்றாலும் அதே கேள்விக்குறிதான்.

இங்கே மாணவர்கள் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்து *குழம்புவது* வேறு, *அழிவது* வேறு. பாமினி எழுத்துருவில் அடித்த ஒரு பைலை வேறு எழுத்துருவில் திறந்தால் ஆங்கில ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். பார்க்க அபத்தமாக இருக்கும். ஆனால் அது 'தமிழ்' என்ற சொல். எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று தெரிந்தால் போதும், முழுசாக மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகிவிட்டதை மீட்கவே முடியாது. பாலும் தண்ணியும் கலந்தால் ஏதாவது வழி உண்டு, தரையில் கொட்டிவிட்டால் என்ன செய்வது?

இரண்டாவது, படம். சர்க்யூட் படங்கள் ஜிப்புக்குள் இல்லவே இல்லை. படம் எங்கே இருக்கிறது என்கிற முகவரி மட்டும்தான் இருந்தது. அந்த முகவரியோ மூடிப்போன தளத்தினுடையது. வீடு இடித்தபிறகு கதவு நம்பர் கையில் இருந்து என்ன பிரயோஜனம்?

மூன்றாவது, விடை. நான்கு விடைகளும் இருந்தன. எது சரி என்கிற குறிப்பு இல்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ரிடையராகி வீட்டில் இருந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை. "ஏம்ப்பா, பரீட்சை பேப்பர் கட்டை அனுப்பினா, அந்தப் பக்கம் எண்ணி வாங்கினேன்னு ரசீது வர்ற வரைக்கும் நான் தூங்கமாட்டேன். நீ அனுப்பினே. ரசீது வாங்கல. அவ்வளவுதான்" என்றார். அந்த 'அவ்வளவுதான்' இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் சொன்னதுதான் இந்த உரையின் சாரம். எக்ஸ்போர்ட் என்பது பாதி வேலை. இன்னொரு இடத்தில் இம்போர்ட் செய்து, எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னபிறகுதான் அது முழு வேலை.

உலகத்தில் இதை யோசிக்காமல் இல்லை. கல்யாணத்துக்குச் சீர்வரிசை அனுப்பும்போது நம் வீட்டில் என்ன செய்கிறோம்? தட்டு எத்தனை, தட்டில் என்ன என்று ஒரு பட்டியல் எழுதி மேல் தட்டிலேயே வைக்கிறோம். வாங்குகிறவர்கள் பட்டியலைப் பார்த்து எண்ணி எடுத்துக்கொள்கிறார்கள். பாடக் கோப்புகளுக்கும் இதே ஏற்பாடுதான். 2001-ல் வந்த ஸ்கார்ம் 1.2 என்கிற முறையிலும், பிறகு வந்த காமன் கார்ட்ரிஜ் முறையிலும், ஜிப்புக்குள் ஒரு பட்டியல் கோப்பு கட்டாயம். எந்தப் பாடம் முதலில், எந்தப் படம் எங்கே என்று அதில் இருக்கும். மின்நூலுக்கான இபப் வடிவமும் உள்ளே பார்த்தால் ஜிப்தான், அதற்கும் பட்டியல் உண்டு.

எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்கிற பையன்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு ஒன்றைச் சொல்கிறேன். போல்டரை அப்படியே ஜிப் செய்துவிடுவார்கள். அப்போது பட்டியல் ஒரு படி உள்ளே போய்விடும். வாங்குகிற தளம் மேல் தட்டில் தேடும், பட்டியல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். போல்டரை ஜிப் செய்யாதீர்கள், போல்டருக்குள் இருப்பதை ஜிப் செய்யுங்கள். இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனையோ ராத்திரிகள் வீணாகியிருக்கின்றன.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பரானியூக் என்ற மின்பொறியியல் பேராசிரியர் 1999-ல் கனெக்ஷன்ஸ் என்ற பாடப்பதிப்புத் தளத்தைத் தொடங்கினார். அவரும் நம் துறைக்காரர்தான் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். பாடங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கோத்துத் தன் வகுப்புக்கு ஏற்ற புத்தகமாக்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். வேர்டில் எழுதியதை உள்ளே ஏற்றலாம், முடித்ததை ஜிப்பாக வெளியே எடுக்கலாம். அதிலிருந்துதான் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்கள் பிறந்தன. பழைய தளத்தை 2022-ல் மூடினார்கள். ஆனால் பாடங்கள் சாகவில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவில் கொண்டுபோய் வைத்தார்கள். உரிமமும் அதற்கு இடம் கொடுத்தது. வடிவமும் உரிமமும் இரண்டும் திறந்திருந்தால்தான் இது நடக்கும்.

நம் ஊர்க் கதை இதைவிடப் பெரிசு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து கணினியில் ஏற்றியது. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள். டிஸ்கி என்று இன்னொன்று இருந்தது. பிறகு யூனிகோட் பரவியது, 2010-ல் தமிழக அரசும் அதைத் தரமாக ஏற்றது. இத்தனை மாற்றத்திலும் மதுரைத் திட்டத்து நூல்கள் பிழைத்து, டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு வந்து சேர்ந்தன. காரணம் ரொம்ப எளிமை. அவர்கள் கையில் வெறும் எழுத்துக் கோப்பு இருந்தது. ஒரு கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கவில்லை.

இன்னொன்று. 2017-ல் வந்த தீக்ஷா தளமும், 2018 முதல் தமிழகப் பாடநூல்களில் அச்சான க்யூஆர் குறியும் நம் தங்கைகளுக்குத் தெரியும். அந்தச் செயலியில் இறக்கிய பாடத்தை இன்டர்நெட் இல்லாமலே ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குக் கோப்பாக அனுப்ப வழி வைத்தார்கள். டவர் கிடைக்காத ஊர்ப் பிள்ளையை நினைத்துச் செய்தது. எக்ஸ்போர்ட், இம்போர்ட் என்பது ஏதோ ஆபீஸ் சமாசாரம் அல்ல, ஒரு பிள்ளை படிப்பதா வேண்டாமா என்கிற விஷயம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சரி, நம் 840 கேள்விகள் என்னாயின?

லேப் அண்ணனை உங்களுக்கு மறந்திருக்காது. எதையும் தூக்கிப் போடாதவர். அவர் பீரோவில் ஒரு சி.டி. இருந்தது. சார் வானவில்லில் அடித்த பழைய வேர்டு பைல்கள். திறந்தால் ஒரே குழப்பம், ஆனால் குழப்பம்தானே? என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. ஒரே சாயங்காலத்தில் 520 கேள்விகளும், படங்களோடு, விடைகளோடு தமிழாகத் திரும்பி வந்தன. இருபது வருஷப் பழைய பைல் பிழைத்தது. போன வருஷம் நான் எடுத்த புதிய பைல் பிழைக்கவில்லை.

மீதி 320-ல், அந்த பேட்ச் மாணவர்கள் போனில் எடுத்து வைத்திருந்த ஸ்க்ரீன்ஷாட்டுகளிலிருந்து 140 கிடைத்தன. 180 கேள்விகள் இன்னும் வரவில்லை. சார் அவற்றை நினைவிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார். நான் சனிக்கிழமைகளில் வந்து டைப் அடிக்கிறேன்.

இரண்டாம் முறை ஏற்றும்போது ஜாக்கிரதையாக இருந்தோம். இருந்தும் ஒரு அடி விழுந்தது. மூடுலில் கிஃப்ட் என்று ஓர் எளிய வடிவம் உண்டு. சரியான விடைக்கு முன்னால் சமக்குறி, தவறான விடைகளுக்கு முன்னால் அலைக்குறி. ரொம்ப வசதி. ஆனால் நம் விடைகளில் ஓம் விதி வருகிறதே, அதிலேயே சமக்குறி இருக்கிறதே! தளம் அதையும் 'இதோ இன்னொரு சரியான விடை' என்று எடுத்துக்கொண்டது. உள்ளே வரும் சமக்குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு, பேக்ஸ்லாஷ், போட்டபிறகுதான் சரியாயிற்று. எண்ணிப் பார்த்ததால் அன்றைக்கே தெரிந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் பரீட்சை ஹாலில் தெரிந்திருக்கும்.

ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது சில விஷயங்கள்தான்.

பி.டி.எஃப். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 'பாடம் பத்திரம்' என்று நினைக்காதீர்கள். பி.டி.எஃப். இட்லி மாதிரி. சாப்பிட நன்றாக இருக்கும். இட்லியிலிருந்து மாவு எடுக்க முடியாது. அதிலிருந்து தமிழைக் காப்பி செய்து பாருங்கள், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். மூலக் கோப்பை, அதாவது மாவை, தனியாக வையுங்கள்.

பைலைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். பாடத்துக்குள் தமிழ் இருக்கட்டும், பைலின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். பழைய ஜிப் மென்பொருள்கள் தமிழ்ப் பெயரைச் சிதைத்துவிடும். படங்களுக்குத் தனி போல்டர் வேண்டும். மூடுலில் பேக்அப் எடுக்கும்போது மாணவர்களின் பெயரும் மார்க்கும் சேர்ந்து போகாமல் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். பாடம் எல்லோருக்கும் போகலாம், ஒரு பிள்ளையின் மார்க் போகக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வருஷத்துக்கு ஒரு நாள். ஆயுத பூஜைக்கு லேபில் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம் இல்லையா, அதற்கு முதல் நாள் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துறையும் தன் பாடங்களை எக்ஸ்போர்ட் செய்து, காலியான வேறொரு தளத்தில் இம்போர்ட் செய்து, பத்துக் கேள்வியைத் திறந்து பார்க்க வேண்டும். எழுத்து இருக்கிறதா, படம் இருக்கிறதா, சரியான விடை சரியாக இருக்கிறதா. பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் சார் கேட்ட ரசீது. காலித் தளத்துக்கான கம்ப்யூட்டரை எங்கள் 2009 பேட்ச் வாங்கித் தருகிறது. செயலாளரிடம் சொல்லிவிட்டோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2020-க்கும் 2022-க்கும் இடையில் இங்கே மெஷின்ஸ் படித்தவர்கள் இந்த ஹாலில் இருப்பீர்கள். பழைய போன் எங்காவது பரண்மேல் கிடக்கும். சார்ஜ் போட்டு கேலரியைக் கொஞ்சம் தேடிப் பாருங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பாதிக் கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள். 180 என்பது இன்று சாயங்காலத்துக்குள் 179 ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

அனுப்பியவர்கள் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது என்று நானே போன் செய்து சொல்வேன்.